கசக்கும் கை

முதல் மாதம் 7 கிலோ 400 கிராம். மறுமாதமும் அதே 7 கிலோ 400. மூன்றாம் மாதம் தொங்கு தராசின் முள் 7 கிலோ 300இல் வந்து நின்றபோது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு வயது எட்டு மாதமான பெண் பிள்ளை அது. பத்து கிலோவைத் தாண்டியிருக்க வேண்டிய வயது. வளர்ச்சி அட்டையில் பச்சை என்றால் சரியான எடை, மஞ்சள் குறைவு, ஆரஞ்சு மிகக் குறைவு. முதல் இரண்டு புள்ளிகளும் மஞ்சள் பட்டையின் கீழ்விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது புள்ளி ஆரஞ்சுக்குள் விழுந்துவிட்டது.

“சத்துமாவு தருகிறோமே, அதை என்னதான் செய்கிறாய்? பெற்றுப் போட்டால் போதுமா?” என்று பத்துப் பெண்களுக்கு முன்னால் அதன் தாயைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் தராசிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் கிடந்த வெயிலை ஒருமுறை பார்த்தாள். விறுவிறுவென்று நடந்துவிட்டாள். மணி பதினொன்றாகிறது, இனிமேல் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் எத்தனை கட்டு பீடி தேறும் என்று கணக்குப் போட்டிருப்பாள். அன்று எனக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது.

இது நடந்தது 2011இல். அப்போது நான் அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசாங்கத் தாளில் என்ன பெயர் இருந்தாலும் எங்கள் ஊருக்கு அது பால்வாடி, நான் பால்வாடி டீச்சர். 31 ஆண்டு வேலையில் நான் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்பும் சொற்கள் சில உண்டு. அவற்றில் முதலில் நிற்பது அந்தக் கேள்விதான்.

எங்கள் ஊர் முக்கூடலிலிருந்து ஆலங்குளம் போகிற பக்கம் இருக்கிறது. 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமான பிறகு ஆலங்குளம் அந்த மாவட்டத்துக்குப் போய்விட்டது. பீடி மட்டும் இரண்டு மாவட்டத்துக்கும் பொது. மத்தியப் பிரதேசத்துக் காடுகளிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற இலையை இரவே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். விடிந்ததும் தகட்டை வைத்துக் கத்தரிப்பார்கள். பிறகு சுளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்து உட்கார வேண்டியதுதான். இலையில் புகையிலைத் தூளை இட்டு, உருட்டி, நூலைச் சுற்றி, வாயை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு கட்டினால் ஆயிரம். கை வேகமான பெண்ணுக்கே ஆயிரம் முடிய அந்தி ஆகிவிடும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். இலை பற்றாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்ட வேண்டும். சுளகு மடியில் இருக்கிறவரை பிள்ளைக்கு மடியில் இடம் கிடையாது.

அந்தப் பிள்ளையைப் பற்றி முதலில் ஒரு துப்புக் கொடுத்தவர் எங்கள் மையத்து ஆயாம்மா. அண்ணன்காரனோடு ஒட்டிக்கொண்டு அது மத்தியானம் மையத்துக்கு வந்துவிடும். “டீச்சர், இது என் கையில் நன்றாக வாங்கிச் சாப்பிடுகிறது. வீட்டில்தான் அம்மா கையில் வாங்க மாட்டேன் என்கிறதாம்” என்றார். வீம்பு பிடித்த பிள்ளை என்று அப்போதும் நான் அதைத் தள்ளிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, மையத்தைப் பூட்டிய பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனோம். வீட்டு முன்கூடமான தார்சாவில் நான்கு பெண்கள் சுளகோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் பேசிய பேச்சை நான்கு பேரும் கேள்விப்பட்டிருந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் மட்டும் எழுந்து பாயை விரித்தாள். மாவை வீணாக்கவில்லை என்று எனக்குக் காட்ட நினைத்தாளோ என்னவோ, அடுக்களைக்குள் போய் ஒரு கிண்ணத்தில் சத்துமாவைக் கொண்டுவந்து, கையைக் கழுவிவிட்டு, வெந்நீர் விட்டுப் பிசைந்து உருட்டினாள். ஓர் உருண்டையை என்னிடம் நீட்டினாள். கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் எல்லாம் சேர்ந்த மாவு அது. எத்தனையோ தடவை மையத்தில் ருசி பார்த்திருக்கிறேன். அன்று வாயில் போட்டதும் வெல்லத்துக்கு முந்திக்கொண்டு ஒரு கசப்பு நாக்கில் ஏறியது. தொண்டை கமறியது. அடுத்த உருண்டையைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனாள். அது உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

“பார்த்தீர்களா டீச்சர், என் கை வந்தாலே இப்படித்தான். கழுவிவிட்டுத்தான் பிசைகிறேன்” என்றாள்.

கழுவியதை நானே பார்த்தேன். ஆனால் ஒரு செம்புத் தண்ணீரில் போகிற கறையா அது? பத்து வயதிலிருந்து இலையும் தூளும் ஊறிய விரல்கள். நக இடுக்கிலும் ரேகையிலும் பழுப்பு ஏறியிருந்தது. புகையிலையின் விஷம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கையால் ஊட்டுகிற சோறு கசக்கும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எத்தனையோ பீடி வீடுகளில் காபி குடித்திருக்கிறேன். தம்ளர் கசக்காதே.

என்னை மன்னித்துக்கொள் என்று அவளிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதம் எடை பார்க்கும் நாளில், அதே பெண்களுக்கு முன்னால் சொன்னேன்.

அந்த வீட்டுக்குப் போய்வந்த மறுநாளே பன்னிரண்டு எவர்சில்வர் கரண்டிகளும் பன்னிரண்டு துணிச்சோப்புகளும் வாங்கினேன். தூளைப் போக்குவதற்குத் தேங்காய் நாரும் சோப்பும் வேண்டும், ஊட்டும்போது கரண்டி வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னோம். சில வீடுகளில் அது பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளையின் வீட்டில் பிடிக்கவில்லை. அந்த வீட்டு ஆச்சி கரண்டியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “கை படாத சோறு உடம்பில் ஒட்டாது, தாயி” என்றார். பிள்ளைக்குச் சீர் தட்டியிருக்கிறது, அதனால்தான் இளைக்கிறது என்பது அவர் முடிவு. ஏற்கெனவே மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் நான் அந்தக் கயிற்றோடு மல்லுக்கு நிற்பேன். அன்று நிற்கவில்லை. ஆச்சியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். கண் மங்கி, பீடி சுற்றுவதை விட்டு ஆறேழு ஆண்டு ஆகியிருந்தது. விரல்கள் சுத்தமாக இருந்தன.

“அப்படியானால் உங்கள் கையே படட்டும் ஆச்சி” என்றேன்.

கண் தெரியாதவர் கையில் பிள்ளையின் சாப்பாட்டை ஒப்படைக்கிறோமே என்று உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அந்த ஊரில் நேரம் மிச்சமிருந்த இரண்டு கைகள் அவருடையவைதான். மருமகள் சமைத்து வைத்துவிட்டுச் சுளகுக்குப் போய்விடுவாள். ஆச்சி பிள்ளையைக் காலிடுக்கில் உட்காரவைத்து, வாய் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டுவார். ஒரு வயதுப் பிள்ளையின் வயிறு சிறியது. ஒரே வேளையில் திணிக்க முடியாது, நாளுக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். அதற்கு அவசரமில்லாத ஆள் தேவை. சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விடச் சொன்னோம். கருப்பட்டி போட்ட உளுந்தங்கஞ்சி ஆச்சியின் யோசனை. அடுத்த மாதம் 7 கிலோ 600. பிறகு 7 கிலோ 900. ஆறு மாதத்தில் 8 கிலோ 900 என்று மஞ்சளுக்கு ஏறியது. பச்சைக்கு வர மேலும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தப் புள்ளிகளை வைக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை என் சொந்தப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டில்கூட அனுபவித்ததில்லை.

எல்லாப் பிள்ளையும் இப்படி ஏறிவிடாது. எவ்வளவு ஊட்டியும் எடை கூடாத ஒரு பையனை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோதுதான் இதயத்தில் ஓட்டை என்று தெரிந்தது. உணவு மட்டுமே காரணம் என்று எண்ணிக்கொண்டு மாதக்கணக்கைக் கடத்தக் கூடாது என்பதை அவன் கற்றுக்கொடுத்தான்.

எங்கள் சீமைக்கும் பிள்ளைகளின் சோற்றுக்கும் பழைய தொடர்பு உண்டு. சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று காமராஜர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் இங்கே எல்லோரும் சொல்வார்கள். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில்தான் 1956இல் மதிய உணவு தொடங்கியது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். இந்தத் திட்டங்கள் இல்லாவிட்டால் எங்கள் தெருக்களில் எத்தனை பிள்ளைகள் உயிரோடு தங்கியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் மாடு மேய்த்த சிறுவனுக்குக் கேட்க வாய் இருந்தது. தட்டில் போட்டால் தானே அள்ளிச் சாப்பிடக் கை இருந்தது. ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் என்று கணக்கிட்டு மாவைப் பொட்டலம் போட்டுக் கொடுத்துவந்தோம். பொட்டலத்துக்கும் வாய்க்கும் நடுவே ஒருவர் அரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்த அரை மணி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் பிள்ளைகளுக்கு இடம் இருக்கத்தான் செய்தது. பெண்கள் பலர் கூடி வேலை பார்க்கும் தொழிற்கூடத்தில் அவர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வைக்க வேண்டும் என்றது. எங்கள் ஊரில் எது தொழிற்கூடம்? ஒவ்வொரு வீட்டின் தார்சாவும்தான். இலையையும் தூளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்; அந்த அறை கூட வரவில்லை. பால்வாடி சாயங்காலம் ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அங்கே வைத்து ஊட்ட வேண்டும், அதற்கென்று இன்னொரு பெண்ணை முழுச் சம்பளத்தில் போட வேண்டும் என்று கூட்டங்களில் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொள்வார்கள். ஒருமுறை மேலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர், ஆரஞ்சில் இத்தனை பிள்ளைகள் இருந்தால் வட்டாரத்துக்கே கெட்ட பெயர், புள்ளியைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் என்ன என்று கேட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்து அழுதேன். புள்ளியைத் தள்ளி வைக்கவில்லை. மேலே தள்ளினால் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற கூடுதல் மாவு நின்றுவிடும்.

2020 மார்ச்சில் மையங்களை மூடியபோது அரிசி, பருப்பு, முட்டை, மாவு எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். பீடிக் கடைகளும் மூடிக் கிடந்தன. முதன்முதலாக எங்கள் ஊர்த் தார்சாக்களில் சுளகு இல்லாமல் தாய்மார்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் மடியில் இருந்தன. இரண்டு வாரம் எனக்கு அது நல்ல காட்சியாகக்கூட இருந்தது. பிறகு வாராந்தரச் சம்பளம் இல்லாத வீடுகளில் அடுப்பு ஒரு வேளைக்குச் சுருங்கியது. பிள்ளைக்கென்று கொடுத்த மாவை எல்லோருமாகக் கரைத்துக் குடித்தார்கள். கை ஓய்ந்திருந்தபோது பானை காய்ந்து கிடந்தது. அந்த வீடுகளில் யாரையும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

2023இல் ஓய்வு பெற்றேன். புதிதாக வந்த பெண்ணிடம் 11 பதிவேடுகளையும், போஷன் டிராக்கர் செயலி இருக்கிற போனையும், தராசையும், கைச்சுற்றளவு பார்க்கும் நாடாவையும் ஒப்படைத்தேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டாள். கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எந்தப் பதிவேடு அக்கா? இதற்கு அறிக்கை எப்போது அனுப்ப வேண்டும்?” என்று கேட்டாள்.

“எதற்கும் அனுப்ப வேண்டாம். படித்துப் பார்” என்றேன்.

முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தாள். “மேலத்தெரு, மூன்றாம் வீடு. கடைக்குப் பீடி கொண்டுபோவது 5 மணி. திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். பிள்ளை அதுவரை பக்கத்து வீட்டில். பக்கத்து வீட்டில் எல்லோர் கையும் பீடிக் கை. கரண்டி ஜன்னலில் இருக்கிறது.” நிறுத்திவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலேமுக்கால். பாத்திரத்தில் மீதமிருந்த மாவை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்தாள்.