அம்மாவின் முழங்காலைக் கேட்டுப் போட்ட திட்டம்

மரங்கள் அடர்ந்த பெரிய பூங்காவில் ஒரு சின்ன நடை. இதற்கெல்லாமா திட்டம், ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே என்கிறாள் அக்கா. தனியாகப் போனால் அப்படித்தான் கிளம்புவேன். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்கா பையனும் கூட வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு ஆறு வயது. வீடு திரும்பியதும் இரண்டு பேரும் "அடுத்து எப்போ போகலாம்?" என்று கேட்க வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும். அதனால் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் நான் முடிவு செய்வது நேரத்தை. வாசலில் கிளம்பி வாசலுக்கே திரும்ப ஒன்றரை மணி நேரம். அதற்குள் எவ்வளவு தூரம் அடங்கும் என்பது அடுத்த கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன விதி ஒன்று இதற்கு இன்றும் உதவுகிறது: சமதளத்தில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதாவது 10 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். நல்ல தெம்பு உள்ளவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு இது. எங்களுக்கு வேகத்தைப் பாதியாக்கி, நடுவில் கால் மணி நேரம் உட்கார ஒதுக்கினேன். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. போதும். அம்மாவின் வேகம்தான் எங்கள் வேகம். எனக்குப் பிடித்த நடையை இதில் நுழைத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

அப்புறம், எந்தப் பக்கமாகச் சுற்றுவது? இதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போதுதான் முழங்கால் பிடித்துக்கொள்ளும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை நம் எடையைப் பிடித்து நிறுத்தியபடியே நீள்கிறது. அந்த அழுத்தம் முழங்கால் சில்லின் மேல் போய் விழுகிறது. அதனால் ஒரு சுற்றுப்பாதையில் செங்குத்தான பக்கம் ஏற்றமாகவும், சாய்வான பக்கம் இறக்கமாகவும் வரும்படி திசையைத் தேர்ந்தெடுக்கிறேன். அதே பாதையை எதிர்த்திசையில் நடந்தால் அவருக்கு அது வேறு பாதை.

எந்தப் பக்கம் செங்குத்து என்று தெரிய மேப்பில் சம உயரக் கோடுகளைப் பார்த்தால் போதும். கோடுகள் நெருங்கி இருந்தால் சரிவு அதிகம், விலகி இருந்தால் குறைவு. அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று மேப்பின் ஓரத்தில் போட்டிருக்கும். எங்கள் பாதை மேலே ஏறும்போது அப்படி எத்தனை கோடுகளைத் தாண்டுகிறது என்று எண்ணி, அந்த மீட்டரால் பெருக்கினால் மொத்த ஏற்றம் ஏறக்குறைய கிடைத்துவிடும். மரக்கட்டை பதித்த படிகள் இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்கிறேன். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது; நிழலிலேயே கிடப்பதால் பாசி படிந்து மழைக்குப் பிறகு வழுக்கும்.

நடுவில் குறுக்கே வெட்டித் திரும்ப ஒரு வழி உள்ள சுற்றுதான் எனக்கு வேண்டும். பாதி தூரத்தில் அம்மா "போதும்டா" என்றால், அல்லது பையன் தரையில் உட்கார்ந்துவிட்டால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட வேண்டும். அந்தக் குறுக்குப் பாதை பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சும் இருந்துவிட்டால் அங்கேதான் ஓய்வு. அம்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, தொடர்வதா திரும்புவதா என்று அவரே சொல்லட்டும். கழிப்பறை எங்கே, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதையும் பார்த்து வைக்கிறேன். அம்மா இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

வாசலில் உள்ள பாதைப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன். நீலப் புள்ளியை மட்டும் நம்ப முடியாது. அடர்ந்த இலைகளுக்கு அடியில் ஜிபிஎஸ் சிக்னல் பலவீனமாகும், மரங்களில் பட்டுத் திரும்பியும் வரும். இது மாதிரிப் பூங்காக்களில் பாதைகள் பக்கத்துப் பக்கத்தில் வளைந்து போகும். புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலே நாம் வேறு பாதையில் இருப்பதாகக் காட்டிவிடும். மரத்தில் பூசிய வண்ணக் குறியும் பலகையின் படமும் இருந்தால் குழப்பமில்லை.

குறியைத் தேடும் வேலை பையனுக்கு. மூன்று கிலோமீட்டர் என்பதற்கு ஆறு வயதில் அர்த்தம் கிடையாது. அடுத்த மஞ்சள் குறி எங்கே என்பதற்கு அர்த்தம் உண்டு. அச்செடுத்த மேப் ஒன்றை அவன் கையில் கொடுத்துவிடப் போகிறேன்.

அவனுக்கு இன்னொன்றையும் காட்ட வேண்டும். பாதை வளைகிற இடங்களில், வளைவைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல் ஆட்கள் நேராக ஏறி ஒரு தடம் போட்டிருப்பார்கள். அங்கே குனிந்து பார்த்தால் தெரியும்: சருகே இருக்காது, மண் சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும், வெளியே தெரியும் வேர்கள் செருப்புத் தேய்ந்து பளபளக்கும். மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. மழை பெய்தால் தண்ணீர் அந்தத் தடம் வழியாகவே ஓடி மண்ணையும் அரித்துக்கொண்டு போய்விடும். மிச்சமாவது என்னவோ இருபது அடிகள். நகரத்துக்கு நடுவே தப்பிப் பிழைத்திருக்கும் கொஞ்சம் காட்டை இப்படி மிதித்துக் கெடுப்பதைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது. வழியில் சேறு இருந்தாலும் நாங்கள் பாதையிலேயே நடப்போம். அதற்காகத்தான் எல்லோருக்கும் பழைய ஷூ, மாற்று சாக்ஸ்.

வெளிச்சமும் கணக்கில் வர வேண்டும். வெளியே நல்ல வெயில் இருக்கும்போதே மரங்களுக்கு அடியில் மங்கத் தொடங்கிவிடும். வேர் எது, நிழல் எது என்று அம்மாவுக்குத் தெரியாது. அதனால் காலையில்தான் போகிறோம். மாலையில் போகிறவர்கள் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாசலுக்கு வந்துவிடும்படி கிளம்பலாம். பூங்கா மூடும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் பலத்த காற்று அடித்திருந்தால் போக மாட்டேன். முறிந்த கிளைகள் மேலேயே சிக்கிக்கொண்டு, காற்று அடங்கிய பிறகும் விழும். இடியும் அப்படித்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவு என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மரத்தடியில் ஒதுங்கக் கூடாது, கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

சனிக்கிழமை இரவு வானிலையைப் பார்ப்பேன். தூறல் மட்டும் என்றால் குறுக்குப் பாதை வழியாகச் சின்னச் சுற்று, மற்றபடி முழுச் சுற்று. அக்காவுக்கு மேப்பை அனுப்பிவிட்டேன், எந்த வாசலில் எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.