விசிறி ஓடிய டேக்

மூன்றாவது வாரம். குறும்படம் ஒருவழியாக எடிட்டிங்குக்கு வந்துவிட்டது.

கதை சின்னது. ஆறு ஆண்டுகளாக அப்பாவிடம் பேசாத மகன், அம்மாவின் முதல் திவசத்துக்கு வீட்டுக்கு வருகிறான். மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவான். முதலில் எழுதியபோது அம்மாவை உயிரோடு வைத்திருந்தேன். அது பெரிய வசதி. “வந்தவனைச் சாப்பிடச் சொல்” என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். “பசியில்லை என்று சொல்லம்மா” என்று மகன் அதே கூடத்திலிருந்து பதில் அனுப்புவான். நம் வீடுகளில் பாதிச் சண்டை இப்படித் தபாலில்தானே நடக்கிறது! அம்மாவை எடுத்ததும் தபால்காரர் போய்விட்டார். இருவரையும் நேராகப் பேசவைக்க நான்கு பக்கம் வசனம் எழுதினேன். ஒத்திகையில் கேட்டால் பட்டிமன்றம்.

படப்பிடிப்பு இரண்டு நாள், பெரியப்பா வீட்டில். கேமரா என் கைப்பேசிதான். முதல் நாள் எடுத்ததில் பாதி வீண். டியூப் லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கக் கரும்பட்டைகள் ஊர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. கைப்பேசி தானாகவே ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, இந்த மினுக்கலோடு ஒத்துப்போகாத 1/60 நொடியில் வைத்துக்கொண்டதுதான் வினை. 1/50, நொடிக்கு 25 ஃபிரேம் என்று நானே மாற்றியதும் பட்டைகள் போயின.

அதைவிடப் பெரிய தொல்லை ஒலி. சட்டைக்குள் ஒட்டிய மைக்கில் வசனத்தைவிட விசிறிதான் தெளிவாகக் கேட்டது. நிறுத்தினோம். மே மாதப் புழுக்கம். மூன்றாவது டேக்கில் மகனாக நடித்த நண்பனுக்கு வியர்வை இலையில் சொட்டியது. அப்பாவாக நடித்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வசனத்தைப் பாதியில் விட்டு எழுந்துபோய், சுவிட்சைப் போட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ‘கட்’ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நண்பன் தலைநிமிர்ந்து விசிறியைப் பார்த்துவிட்டான். கேமராவை ஓடவிட்டேன்.

நான்கு பக்கத்தில் மிஞ்சியது ஒரே வரி: “எத்தனை மணிக்குப் பஸ்?”

ஆனால் அதன்பின் வரும் காட்சிகளை எல்லாம் விசிறி இல்லாமல் எடுத்திருக்கிறோம். எனவே இரவில் தனியாகப் போய் அந்த விசிறியின் கடகடப்பை இரண்டு நிமிடம் பதிந்துவந்தேன். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் அதை அந்தக் காட்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் பரப்பியாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த அகலக் காட்சியைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அதில் உத்தரத்திலிருந்து விசிறி அசையாமல் தொங்குகிறது. மனமில்லாமல் வெட்டினேன்.

இப்போது 9 நிமிடம் 40 நொடி. நேற்று ஆசிரியர் போனில், “நான் விட்ட வசனத்தை மறுபடி எடுக்க வேண்டாமா தம்பி?” என்று கேட்டார். வேண்டாம் சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அதே வெள்ளைச் சட்டையோடு வரச் சொல்லியிருக்கிறேன். சுவிட்சில் அவர் கைபடும் நெருக்கக் காட்சி ஒன்று பாக்கி.