சாவி யாரிடம் இருக்கும்?

தெருவில் நாலு பேர் சேர்ந்து "சாயங்காலம் கூட நமக்குன்னு ஒரு மன்றம் வேணும்பா" என்று ஆரம்பித்தால், பேச்சு நேராக கேரம் போர்டு, டிவி, ஏசி என்று போய்விடும். பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்பதற்கே இரண்டு கூட்டம் கழியும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவை யார் திறப்பார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆறு மாதத்தில் பூட்டுத் தொங்கும் மன்றங்களில் முதலில் கெட்டது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

உறுப்பினர்களே முறை வைத்துத் திறப்பது என்று முடிவு செய்வார்கள். செவ்வாய்க்கிழமைக்காரர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விடுவார். மூன்று பேர் மாடி ஏறி, பூட்டைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். இரண்டு முறை அப்படி இறங்கியவர் மூன்றாம் முறை ஏறமாட்டார். அதனால் செலவுப் பட்டியலில் வாடகைக்கு அடுத்த வரியாக எழுத வேண்டியது, மன்றத்தைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம். மாலை 5 முதல் 9.30 வரை, அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ இருக்கும், ஓய்வுபெற்ற ஒருவர். அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது. உறுப்பினரே சம்பளக்காரரானால் அவரை ஒரு வார்த்தை கேட்க முடியாது. இரண்டாவது சாவி செயலாளரிடம். மூன்றாவது சாவி வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நாளில் யாருக்கும் தெரியாமல் போகும்.

அடுத்தது கணக்கு. நடுத்தர ஊரில், 600 சதுர அடி முதல் மாடி, 60 உறுப்பினர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், செலவு இனங்கள் மாறாது. மாத வாடகை 10,000. மின்சாரம் 2,500. பார்த்துக்கொள்பவர் 7,000. நாளிதழ், வார இதழ் 1,000. தண்ணீர் கேன் 900. வைஃபை 700. பெருக்கித் துடைப்பது, பினாயில், பல்பு எல்லாம் சேர்த்து 900. தணிக்கைக்கும் ஆண்டுத் தாக்கலுக்கும் மாதம் 1,000 ஒதுக்க வேண்டும். பழுது பார்க்க 2,000. ஆக 26,000.

இதை 60-ஆல் வகுத்தால் 433 வரும். "450 வைப்போம், தாராளம்" என்பார்கள். அங்கேதான் ஓட்டை. எந்த மாதத்திலும் அறுபது பேரும் கட்டுவதில்லை. மகன் வீட்டுக்குப் போனவர், கோபித்துக்கொண்டவர், "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்பவர் எல்லாம் போக, ஐந்தில் நாலு பேர் கட்டினால் நல்ல மன்றம். 48 பேர் 450 கட்டினால் 21,600. மாதம் 4,400 துண்டு விழும், வருடத்துக்கு 52,800. ஆகவே 26,000-ஐ 48-ஆல் வகுக்க வேண்டும்: 542, அதாவது 550 ரூபாய். அதையும் மாதாமாதம் வசூலிக்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை முன்கூட்டியே 1,650 என்று வாங்குங்கள். மாத வசூல் என்றால் பொருளாளர் வருடத்தில் பன்னிரண்டு முறை கெட்டபெயர் வாங்குவார். காலாண்டு என்றால் நாலு முறைதான். யுபிஐ க்யூஆர் அட்டை சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு இருக்கட்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் போக ஆரம்பித்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒரு வருடத்தில் பேச்சு வரும்.

கட்டாதவர் பெயரைப் பலகையில் எழுதிப் போடுவது பழைய பழக்கம். பணம் வராது, ஆள் போய்விடுவார், அவரோடு அவருடைய இரண்டு நண்பர்களும் போவார்கள். இரண்டு காலாண்டு கட்டாவிட்டால் உறுப்பினர் தகுதி தானாக நின்றுவிடும், நிலுவையில் ஒரு காலாண்டைக் கட்டினால் மறுபடி சேரலாம் என்று பைலாவிலேயே, அதாவது சங்கத்தின் விதிகளிலேயே, எழுதிவிட்டால் யாரும் யாரையும் அவமானப்படுத்த வேண்டியதில்லை.

சேர்க்கைப் பணத்தை இரண்டாகப் பிரிப்பது நல்லது: திருப்பித் தராத நுழைவுக் கட்டணம் 1,500, விலகும்போது திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 1,500. பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர் திரும்பி வராத பணமாக 3,000 கட்டத் தயங்குவார். அவர்கள் வராவிட்டால் மன்றம் சொந்த வீட்டுக்காரர்களின் சங்கமாகிவிடும். திரும்பத் தரவேண்டிய 90,000-இல் ஆறு மாத அட்வான்ஸ் 60,000-ஐக் கொடுக்கலாம். அதுவும் திரும்பி வரும் பணம்தான். மிச்சம் 30,000-ஐத் தொடாமல் வங்கியில் வையுங்கள். திருப்பித் தராத 90,000-இல் வருபவை: விளக்கு, ஸ்டாண்டோடு இரண்டு கேரம் போர்டு 18,000, நாற்காலி 24-க்கு 16,800, மேசையும் புத்தக அலமாரியும் 15,000, மின்விசிறி நாலு 8,800, இன்வெர்ட்டர் பேட்டரியோடு 18,000, பதிவு, ரசீதுப் புத்தகம், பலகை 8,000. மொத்தம் 84,600. அறுபது பேருக்கு 24 நாற்காலியா என்று கேட்பார்கள். ஒரே நேரத்தில் கால்வாசிப் பேருக்கு மேல் வருவது அபூர்வம். பொதுக்குழு நடக்கும் நாளுக்குப் பந்தல்காரரிடம் நாற்காலி வாடகைக்கு எடுத்தால் போதும்.

கேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், கூட்டத்தைப் பிடித்து வைப்பது அதுதான். ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம் இருக்கிற போர்டை வாங்குங்கள். கடையில் பிள்ளைகளுக்கென்று விற்கும் 26 அங்குலப் பலகையில் பெரியவர்கள் பத்து நாள் ஆடமாட்டார்கள். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கனமான ஸ்ட்ரைக்கர் காயைத் தள்ளுவதைவிடச் சட்டத்தை உடைப்பதில்தான் கெட்டி. போர்டுக்கு நேர் மேலே, உட்கார்ந்தவர் கண்ணில் படாத உயரத்தில், மூடி போட்ட ஒற்றை பல்பு. ட்யூப்லைட் சுவரில் இருந்தால் கை நிழல் காயின் மேல் விழும், தகராறு அங்கிருந்து கிளம்பும். ஆட்டம் முடிந்ததும் போர்டைச் சுவரில் சாய்த்து வைப்பது பெரிய தப்பு. ஒரு மழைக்காலம் போதும், பலகை வளைந்துவிடும். பிறகு ஒரு மூலைக்கு மட்டும் காய் தானாக ஓடும். ஸ்டாண்டிலேயே கிடக்கட்டும், மேலே துணி போர்த்தினால் போதும். போரிக் பவுடர் வழவழப்பான டைல்ஸில் சிந்தினால் எழுபது வயதுக்காரர் வழுக்கி விழுவார். போர்டுக்குக் கீழே ஆறடிக்கு ஆறடி ரப்பர் பாய் விரியுங்கள். அது சத்தத்தையும் குறைக்கும். கீழ் வீட்டுக்காரர் முதலில் புகார் சொல்வது மேலே நாற்காலி இழுபடும் ஒலியைப் பற்றித்தான்.

டேபிள் டென்னிஸ் ஆசை எல்லோருக்கும் வரும். மேசை 9 அடிக்கு 5 அடிதான், ஆனால் ஆடுபவர் பின்னுக்குப் போக இரு முனையிலும் ஆறடி, பக்கவாட்டில் நாலடியாவது வேண்டும். கிட்டத்தட்ட 21-க்கு 13. 600 சதுர அடியில் பாதி அதற்கே போய்விடும், நாலு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பந்து பொறுக்குவார்கள். விட்டுவிடுங்கள்.

சீட்டுக்கட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டினால், வீட்டு உரிமையாளருக்கும் காவல் நிலையத்துக்கும் மனதில் வருவது இரண்டு: பணம் வைத்துச் சீட்டு, இல்லையென்றால் எஃப்.எல்.2 என்ற மன்றங்களுக்கான மது உரிமத்தோடு மதுக்கூடம். இரண்டும் வேண்டாம் என்றால் பெயரிலேயே அதைத் தவிர்க்கலாம். 'படிப்பகம்', 'குடியிருப்போர் மன்றம்' என்றால் வாடகைக்கு இடம் கிடைப்பதே சுலபமாகிறது. ரம்மி திறமை கலந்த ஆட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் சொன்னதை எடுத்துக்கொண்டு யாராவது வாதாடுவார். சொன்னது உண்மை. மூன்று சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்றது. ஆனால் ஆட்டத்திலிருந்து மன்றம் லாபம் பார்த்தால் கதை வேறு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தெரு மன்றத்துக்கு இந்த வம்பே தேவையில்லை. சீட்டு ஆடலாம், பணமோ பணத்துக்குப் பதிலான டோக்கனோ கூடாது என்று ஒரே வரி எழுதி, சீட்டு மேசையை உள்ளறையில் ஒதுக்காமல் வாசலிலிருந்து தெரியும்படி போடுங்கள். மறைவு கிடைத்தால்தான் பணம் மேசைக்கு வரும்.

பதிவு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் இருந்தால் போதும். அறுபது பேர் உள்ள மன்றத்துக்குப் பதிவு கட்டாயம் என்பதால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' செல்லாது. மாவட்டப் பதிவாளரிடம் சங்க நோக்கக் குறிப்பு, பைலா, உறுப்பினர் அடையாளச் சான்று, கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஆகியவை போக வேண்டும். நிர்வாகக் குழுவுக்குப் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேல் கிடையாது, இரண்டாண்டே நல்லது. ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கையும், நிர்வாகிகள் மாறும்போது அந்த மாற்றத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். இதில்தான் பல சங்கங்கள் சிக்கும். தேர்தல் நடந்து புதுப் பொருளாளர் வந்திருப்பார், பதிவாளர் அலுவலகத்தில் பழைய பெயரே இருக்கும், வங்கி புதிய கையெழுத்தை ஏற்காது. பழைய பொருளாளரோ மனக்கசப்பில் இருப்பார். வாடகை கொடுக்கக்கூடப் பணம் எடுக்க முடியாது. தேர்தல் முடிந்த வாரமே தாக்கல் செய்துவிடுங்கள். காசோலையில் மூவரில் இருவர் கையெழுத்து என்று வைப்பது நல்லது.

பொதுக்குழுவுக்குப் பாதிப் பேர் வரவேண்டும் என்று பைலாவில் எழுதினால் எந்தக் கூட்டமும் நடக்காது. கால் பங்கு போதும். அதுவும் சேராவிட்டால் அரை மணி கழித்து இருப்பவர்களை வைத்து நடத்தலாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வங்கி வட்டிக்கு வரி உண்டு என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்; உறுப்பினர் தங்களுக்குள்ளேயே தரும் பணம் வருமானம் ஆகாது என்ற வாதம் வைப்புநிதி வட்டிக்குச் செல்லாது என்று 2013-இல் பெங்களூரு கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

வீட்டு மின் இணைப்பிலேயே மன்றம் நடத்துவதும் பொறி. மின்வாரியச் சோதனையில் பிடிபட்டால், உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு, 2003 மின்சாரச் சட்டப்படி விதிக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கட்டண வகையை மாற்றித் தர உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். வீடுகளுக்குத் தரும் இலவச யூனிட்டை நம்பிப் போட்ட மின் செலவெல்லாம் பொய்க்கணக்கு.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஒரு சங்கடம் உண்டு, நேராகவே சொல்லிவிடலாம். 'இரண்டு உறுப்பினர் பரிந்துரைக்க வேண்டும்' என்ற விதி பெரிய கிளப்புகளிலிருந்து காப்பியடிக்கப்படுவது. நம் ஊர்த் தெருவில் அது ஒரே வருடத்தில் சாதி வடிகட்டியாக மாறிவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே மாறும். பரிந்துரை வேண்டாம். எல்லையை எழுதுங்கள்: இன்னின்ன நாலு தெருவில் குடியிருக்கும், 18 வயது நிரம்பிய எவரும் விண்ணப்பிக்கலாம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உறுப்பினர் அட்டையை வீட்டுக்கு ஒன்றாக, இரண்டு பெயரோடு, இரண்டு வாக்கோடு கொடுத்தால் பெண்களும் உறுப்பினராவார்கள். ஆனால் அட்டை மட்டும் போதாது. உள்தாழ்ப்பாள் சரியாக விழும் கழிவறை இல்லாத இடத்துக்கு அவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். அதே கழிவறையில் மேற்கத்திய பீங்கானும் சுவரில் ஒரு பிடிகம்பியும், மாடிப்படியில் கைப்பிடியும் இருந்தால் முதியவர்களும் வருவார்கள்.

விருந்தினர் பதிவேடு ஒன்று வாசலிலேயே இருக்கட்டும். ஒரே விருந்தினர் மாதத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 ரூபாய். இது இல்லாவிட்டால் ஒருவரின் மைத்துனர் கட்டணம் கட்டாத நிரந்தர உறுப்பினராகிவிடுவார், கேரத்தில் நன்றாகவும் ஆடுவார்.

டீக்குச் சமையலறை வேண்டாம். கேஸ் சிலிண்டர், பாத்திரம், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, கரப்பான்பூச்சி என்று தொடர்ந்து வரும். முனைக் கடையிலிருந்து 5.30-க்கும் 7.30-க்கும் ஃப்ளாஸ்க்கில் வரச்செய்யுங்கள்; ஒரு லிட்டருக்குப் பதினோரு சின்ன கப். கணக்கு நோட்டு மட்டும் வேண்டாம். "நான் நேத்து வரவே இல்ல" என்ற முதல் சண்டை அந்த நோட்டிலிருந்துதான் வரும். பத்து சீட்டு உள்ள கூப்பன் புத்தகத்தை முன்பணம் வாங்கி விற்றால் முடிந்தது.

இவ்வளவையும் செய்வதற்கு முன், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கும் முன், யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் எட்டு ஞாயிறு நடத்திப் பாருங்கள். இரவல் கேரம் இரண்டு, பாய் நாலு, ஒரு ஃப்ளாஸ்க் டீ. ஒவ்வொரு வாரமும் ஒரு நோட்டில் வந்தவர் எண்ணிக்கையை இரண்டு பத்தியாக எழுதுங்கள்: போன் போட்டுக் கூப்பிட்டதால் வந்தவர், கூப்பிடாமலே வந்தவர். கடைசி நாலு வாரத்தில் இரண்டாவது பத்தி பன்னிரண்டைத் தாண்டவில்லை என்றால் இடம் பார்க்காதீர்கள், மாடியிலேயே தொடருங்கள். தாண்டினால், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒவ்வொரு வாரமும் முதலில் வந்து பாய் விரித்தவர் யார் என்று பாருங்கள். இரண்டாவது சாவியோடு செயலாளர் பொறுப்பையும் அவரிடம் கொடுக்கலாம்.