மூன்று காப்பி

2025 மே 22, வியாழன்

மதியம் மூன்று மணிக்கு ப்ளஸ் டூ ரிசல்ட். கடையில் இருப்பது ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றிப் பதினைந்து தலைகள். மகளும் வரிசையில்தான் நின்றாள், அப்பா கடைதானே என்று முந்தவில்லை. 1200-க்கு 1086. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், காமர்ஸ்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டை ஒட்டி எங்கள் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஸ்பைரல், ஆன்லைன் விண்ணப்பம். பழைய பாடப்புத்தகம் ஓர் அலமாரி நிறைய உண்டு. பத்தொன்பது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் ஃபீஸ் ரசீதும் என் மெஷினுக்குள் போய்த்தான் வெளியே வருகின்றன.

மே 27, செவ்வாய்

தமிழ்நாட்டில் மே 8-லேயே ரிசல்ட் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் கோவைப் பக்கத்துத் தனியார் கல்லூரியில் போய் நிற்கும்போது பாதி சீட் முடிந்திருக்கும், அல்லது முடிந்துவிட்டதாகச் சொல்வார்கள். இங்கே காலிகட் பல்கலைக்கழக அலாட்மென்ட் (யாருக்கு எந்தக் கல்லூரியில் சீட் என்கிற ஒதுக்கீடு) வருவதற்கு ஜூன் பாதி தாண்டிவிடும். அதில் எது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாது. எல்லைப்புறத்து அப்பன்மார்கள் பயந்துபோய்ப் பணத்தைக் கட்டுவது இந்த ஒரு மாத இடைவெளியில்தான்.

நானும் கட்டினேன். பி.காம்., செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவு, முதல் செமஸ்டருக்கு 40,000. அதற்காக வீட்டுக்காரியின் வளையல் இரண்டும் பேங்குக்குப் போயின.

அது போக இன்னொரு 25,000. அதற்குத் தனி கவுண்டர், டிரஸ்ட் பெயரில் தனி ரசீது. கூடவே ஒரு கடிதம்: 'எனது சொந்த விருப்பத்தின் பேரில், எவ்வித வற்புறுத்தலுமின்றி இத்தொகையை நன்கொடையாக...' நன்கொடை கேட்டு வாங்கக் கூடாதென்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தச் சொந்த விருப்பம். கையெழுத்துப் போட்டு மூன்று காப்பி கொடுக்க வேண்டும்.

வாசலுக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடை. காப்பிக்கு மூன்று ரூபாய் (என் கடையில் ஒரு ரூபாய்). வரிசையில் நிற்கும்போது திடீரென்று உறைத்தது. இதே மாதிரிக் கடிதத்தை என் கையால் எத்தனை பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்! ஒரு தடவைகூடப் படித்ததில்லை. ஓரம் வெட்டுப்படாமல் விழுந்திருக்கிறதா, சீல் கறுப்பாகாமல் தெரிகிறதா, அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன்.

மே 29, வியாழன்

பக்கத்து வீட்டுப் பெண் 2023-ல் இதே கல்லூரி, இதே கோர்ஸில் சேர்ந்தவள். அவள் ரசீதை வாங்கி என் ரசீதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டியூஷன் ஃபீ அப்போது 18,000, இப்போது 19,500. பரவாயில்லையே என்று கீழே வந்தால், அவளுடையதில் ஐந்து வரி, என்னுடையதில் ஒன்பது வரி. ஸ்மார்ட் கிளாஸ் 4,000, ஸ்கில் டெவலப்மென்ட், பிளேஸ்மென்ட் டிரெயினிங், இன்னும் என்னென்னவோ. மொத்தம் 29,500-ஆக இருந்தது 40,000 ஆகிவிட்டது.

"முதல் செமஸ்டர்லயே எதுக்குப்பா பிளேஸ்மென்ட் டிரெயினிங்?" என்கிறாள் மகள். எனக்கு என்ன தெரியும், அம்மணி.

ஜூன் 8, ஞாயிறு

எல்லைக்கு அந்தப் பக்கம் கோபாலபுரத்தில் கொழுந்தியாள் வீட்டு விசேஷம். அவள் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரிப் பெண்களுக்கான தமிழ்நாடு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறது. முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான் இருந்தது, போன டிசம்பரிலிருந்து இவர்களுக்கும் உண்டு. நல்ல விஷயம்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனுங்க, நம்மவளும் தமிழ்லதானுங்க படிச்சா?"

படித்தாள். ஆனால் படித்த பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருக்க வேண்டுமே. இந்தப் பக்கம் இவள் மொழிச் சிறுபான்மை, அந்தப் பக்கம் வெளிமாநிலம். நடுவில் ஒரு செக்போஸ்ட்டும் ஒரு கள்ளுக்கடையும்.

ஜூன் 24, செவ்வாய்

அலாட்மென்ட் வந்துவிட்டது. சித்தூர் அரசுக் கல்லூரி, பி.காம்.! ஆந்திராச் சித்தூர் இல்லை, எங்கள் சித்தூர். 1947-ல் தொடங்கிய கல்லூரி. அங்கே கட்ட வேண்டியதை எல்லாம் கூட்டினாலும் அந்த 'ஸ்மார்ட் கிளாஸ்' வரியைத் தொடாது.

ஆனால் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கோவைப் பக்கத்துக் கல்லூரியில் இருக்கின்றன.

ஜூன் 26, வியாழன்

ராத்திரியே உட்கார்ந்து தேடி எடுத்தேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபரில் போட்ட அறிவிப்பு. சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். செலவு என்று 5 சதவீதம் வரை பிடிக்கலாம், அதுவும் 5,000-த்தைத் தாண்டக் கூடாது. அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுக் கையிலேயே கொடுத்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று காப்பி போட்டு, முக்கியமான வரிகளில் மஞ்சள் மார்க்கர் தீட்டி எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் இருந்த மேடம் தலை நிமிராமலே, "கேன்சல் பண்ணினா மூணு வருஷ ஃபீஸும் கட்டிட்டுத்தான் சர்டிஃபிகேட் சார்" என்றார். கோபப்படவில்லை, சத்தமும் போடவில்லை. முதல் காப்பியை மேசையில் வைத்தேன். படித்தார். "இது யுனிவர்சிட்டிகளுக்கு சார்." அஃபிலியேட்டட் கல்லூரிகளுக்கும் என்று எழுதியிருந்த வரியைக் காட்டினேன். "பிரின்சிபால் மீட்டிங்ல இருக்கார்." இருக்கட்டும், உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பதினொன்றிலிருந்து மூன்றேகால் வரை மகளும் நானும் அந்த பெஞ்சில். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அங்கேயே சாப்பிட்டோம். எதிர்ச் சுவரில் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். மகள் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது காப்பி பிரின்சிபாலிடம். மூன்றாவதில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் கேட்டேன். சீல் கேட்டதும்தான் குரல் மாறியது. சான்றிதழ்கள் நான்கு மணிக்குக் கைக்கு வந்தன. பணம் இரண்டு வாரத்தில், 2,000 பிடித்துக்கொண்டு.

"அந்த 25,000?"

கடிதத்தை எடுத்துக் காட்டினார். என் சொந்த விருப்பம், என் கையெழுத்து. சுத்தமான காப்பி, ஓரம்கூட வெட்டுப்படவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பிரைவேட் பஸ் ஸ்ட்ரைக். மாணவர்களின் ஒரு ரூபாய் டிக்கெட்டை ஏற்ற வேண்டுமாம். மகளுக்கு லீவு, எனக்கு வியாபாரம் இல்லை. அலமாரியை ஒழுங்கு செய்தோம்.

கேரளத்தில் நான்கு வருஷப் பட்டப்படிப்பு 2024-ல் வந்தது. பாடத்திட்டமே மாறிவிட்டதால் அதற்கு முந்தைய புத்தகத்தில் பாதி இப்போது எடைக்குத்தான் போகும். முன்பெல்லாம் ஒரு கணக்கியல் புத்தகம் நான்கைந்து கை மாறும். புதிய பாடத்தைப் படித்த சீனியர்கள் ஒரே ஒரு செட்தான், அவர்களிடமும் ஜெராக்ஸ்தான் இருக்கிறது. புதிதாக வாங்கினால் மகளுக்கு வேண்டிய ஒன்று மட்டும் 595 ரூபாய். 480 பக்கம். மொத்தமாகப் போட்டால் பக்கத்துக்கு 60 பைசா, ஸ்பைரலுக்கு 50, ஆக 338. இந்தக் கணக்கைப் பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் போடுகிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

38,000 கணக்கில் ஏறியது. வளையல்கள் திங்கட்கிழமை வீட்டுக்கு வரும்.

ஜூலை 20, ஞாயிறு

எட்டாம் தேதிப் பதிவைப் படித்துவிட்டு ஒரு தம்பி கேட்டிருந்தார், முழுப் புத்தகத்தை ஜெராக்ஸ் போடுவது தப்பில்லையா என்று. நியாயமான கேள்வி. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைத் தொகுத்துக் கொடுத்ததற்காக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்றும் 2012-ல் அதன் மேல் வழக்குப் போட்டன. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது குலதெய்வக் கதை மாதிரி. ஆனால் அங்கே பேச்சு பாடப் பகுதிகளைப் பற்றி. முழுப் புத்தகம் வேறு சங்கதி. போடச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். எப்போதும் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன்.

மகளுக்கு 595 கொடுத்துப் புதுப் புத்தகமே வாங்கிவிட்டேன். அட்டை போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்றிலிருந்து நோட்டுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஏ4 தாளுக்கு மட்டும் 12 போய் 18. அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லை, அது அச்சாகும் தாளுக்கு உண்டு. இதைப் போர்டில் எழுதி யாருக்குப் புரியவைப்பது? காப்பி ஒரு ரூபாய் என்றே இருக்கட்டும், டிசம்பர் வரை பார்க்கலாம்.

சாயங்காலம் வண்ணாமடைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். மகளை நர்சிங்கில் சேர்க்கிறாராம், நாளைக் காலையில் போக வேண்டுமாம். ஒரு கடிதத்தை நீட்டினார். வேறு கல்லூரி, வேறு டிரஸ்ட், அதே 'எனது சொந்த விருப்பத்தின் பேரில்'.

"அண்ணா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"படிச்சு என்னங்க பண்றது? ஆறரை பஸ்ஸ விட்டா அடுத்தது எட்டுக்குத்தான். மூணு காப்பி போடுங்க."

யுஜிசி அறிவிப்பையும் ஒரு காப்பி போட்டு, மடித்து, அடியில் வைத்துக் கொடுத்தேன். அதற்கும் சேர்த்து நான்கு ரூபாயாகக் கொடுத்துவிட்டு ஓடினார்.