மஞ்சள் சுவருக்கு என்ன நிழல்?

வியட்நாம் கிளம்பும் முன் வழிகாட்டிப் புத்தகம் எதையும் நான் புரட்டவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் கடலூரில் பஸ் ஏறிப் புதுச்சேரி போய், டூமா வீதியில் ஒரு மஞ்சள் சுவருக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தேன். சைகோனிலும் (இன்றைய ஹோ சி மின் நகரம்) பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மஞ்சள் கட்டடங்கள்தான் எதிர்ப்படும். கையைப் பழக்க இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் எது?

மஞ்சள் சுவர் வரைவதில் சுவர் சுலபம், நிழல்தான் பாடுபடுத்தும். நீலத்தை எடுத்து மஞ்சள் மேல் அப்படியே பூசினால் பாசி பிடித்த சுவர் மாதிரிப் பச்சையடித்துவிடும். நீலத்தில் கொஞ்சம் சிவப்பு கலந்து ஊதாப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அதிலும் வெயில் ஏறிய பிறகு தெருவின் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பகுதியில் பட்டுத் திரும்பும். அங்கே நிழலில் லேசாகச் செம்மை கலந்திருக்கும். காகிதப்பூக் கொடியின் நிழல் விழும் இடத்தில் பத்து நிமிடம் கண்ணை வைத்தால் இது தெரியும். செல்போன் படத்தில் நிழல் முழுவதும் ஒரே இருட்டாகப் போய்விடுகிறது. ஆகவே படத்தைப் பார்த்து வரைந்து பழகுகிறவர்களுக்கு என் ஓட்டு இல்லை.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வைசியாள் வீதி. அங்கே சில வீடுகளுக்குக் கீழே திண்ணை, மரத்தூண், ஓடு வேய்ந்த தாழ்வாரம்; மாடியில் மட்டும் வளைவு ஜன்னலும் பிரெஞ்சு பாணித் தூணும். ஒரே வீட்டில் இரண்டு ஊர்க் கணக்கு. வெயிலில் தலையைக் குனிந்து வரைந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர், “இன்னாத்துக்கு தம்பி வெயில்ல காயறே, திண்ணையில வந்து குந்து” என்றார். திண்ணையில் உட்கார்ந்தால் அவர் வீட்டைத்தான் வரைய முடியாது, எதிர்வீட்டை வரைந்தேன். “அவன் வீட்டையா போடறே?” என்று முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் இறங்கிப்போய் அவர் வீட்டையும் போட வேண்டியதாயிற்று.

சைகோனில் மத்திய அஞ்சலகம்தான் முதல் பக்கம். 1886-இல் தொடங்கி 1891-இல் முடித்த கட்டடம். பாரிஸ் கோபுரத்துக்குப் பெயர் கொடுத்த ஐஃபல் கட்டியது என்று நெடுநாள் கதை ஓடியது. உண்மையில் வடிவமைத்தவர் ஆல்ஃப்ரெட் ஃபூலூ. உள்ளே பச்சை இரும்புத் தூண்கள், சுவரில் பழைய நிலப்படங்கள். 2015 வாக்கில் வெளிச்சுவருக்குப் பளீரென்று மஞ்சள் அடிக்கப்போய், ஊர்க்காரர்கள் முணுமுணுத்ததில் மறுபடி வெளிறிய மஞ்சளுக்கு மாற்றினார்களாம். மஞ்சளில் எத்தனை மஞ்சள் என்பதற்காகச் சண்டை போட்ட ஊர் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் டூமா வீதி ஊதாவை அங்கே கொண்டுபோனால் பொருந்தவில்லை. மழைக்காலம், வானம் முழுக்க மேகம். நிழலுக்கு ஓரமே இல்லை. வண்ணமும் காய்வதாக இல்லை. புதுச்சேரியில் கடற்காற்று பாதி வேலை செய்துவிடும். இங்கே முதல் பூச்சு காயாமல் இரண்டாவது ஏறினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். சரி, கோட்டோடு நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் வண்ணங்களை எழுதிவைத்தேன்: ‘தூண் – வெளிர் மஞ்சள், ஜன்னல் – கரும்பச்சை, ஈரத்தரையில் இரண்டும்.’ 1832-இல் மொராக்கோ போன பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா இப்படித்தான் தன் குறிப்பேடுகளில் கோட்டோவியத்தின் மேலேயே வண்ணங்களின் பெயரை எழுதிவைத்தார். நான் பூசியது ராத்திரி, ஓட்டல் அறையில்.

நேரில் பார்த்து மட்டுமே வரைய வேண்டும் என்பது அர்பன் ஸ்கெச்சர்ஸ்காரர்களின் விதி. சியாட்டில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-இல் ஆரம்பித்த இயக்கம் அது. அவர்கள் கணக்கில் நான் பாதிதான் தேறுவேன், பரவாயில்லை.

ட்ருவாங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன தமிழர்கள் நிறையப் பேர் சைகோனில் வேலை பார்த்தார்கள், கடை வைத்தார்கள். இன்று கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்புறச் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வேண்டுகிறார்கள். கோபுரத்தை வரையத்தான் போனேன்; கடைசியில் அந்த முதுகுகளைத்தான் வரைந்தேன்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாள் வைத்த சின்ன நோட்டு போதும். மெல்லிய தாள் ஈரத்தில் வளைந்துவிடும். விமானம் மேலே போனால் உள்ளே அழுத்தம் குறையும், பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். அதனால் மையை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலி செய்துவிடுங்கள். முனை மேலே பார்த்தபடி இருக்கட்டும். கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் தண்ணீர் பிரஷ்ஷை விமான நிலையச் சோதனைக்கு முன் காலி செய்துவிட்டால் கேள்வி வராது.

புதுச்சேரியில் பழக நினைத்தால் கடற்கரைச் சாலையில் காலை 7.30-க்குள் உட்காருங்கள், அதுவரை வண்டிகளை விடமாட்டார்கள். மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டு வாருங்கள். வைசியாள் வீதிக்கு என்றால் அதுகூட வேண்டாம்.