அடுப்பேறாத கோஸ்

கோஸைப் புகழ்ந்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. சோற்றின்மேல் விதவிதமான குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் கணவாயையும் மீன் தலையையும் பார்த்துப் பார்த்துக் கைகாட்டுவோம். கோஸை மட்டும் கடைக்காரர் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி தள்ளிவிட்டு, அதன்மேலேயே குழம்பைப் பாய்ச்சுவார். வாழையிலைச் சாப்பாட்டில் மஞ்சள் போட்ட பொரியல், சோறு வருவதற்குள் ஆறிப்போயிருக்கும். சீனர்களின் எக்கனாமி ரைஸ் கடையில் காய்ந்த இறாலோடு வதக்கியது, மலாய்க்காரர் வீட்டில் தேங்காய்ப்பாலில் கொதித்த மாசாக் லெமாக் என்று பினாங்கில் யார் வீட்டுச் சாப்பாட்டிலும் கோஸ் உண்டு. எந்தப் பந்தியிலும் அதற்கு நடு இடம் கிடையாது.

கோஸ் நாறும் என்பவர்கள் அதை வேகவைத்தே கொல்கிறார்கள் என்பது என் கட்சி. அதில் கந்தகச் சத்துகள் இருக்கின்றன. அடுப்பில் நேரம் ஆக ஆக அவை உடைந்து அந்த அழுகிய முட்டை வாடையைக் கிளப்புகின்றன. என் மாமியார் இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் தாளித்து, கோஸைக் கொட்டி, மூடாமல், தண்ணீர் தெளிக்காமல், பெருந்தீயில் நாலு புரட்டுப் புரட்டித் தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிடுவார். பல்லில் நறுக்கென்று கடிபடும்.

நான் எழுத வந்தது அடுப்பே ஏறாத கோஸைப் பற்றி. எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டுச் சமையல் மேடையில் பெரும்பாலும் ஒரு கண்ணாடி ஜாடி உட்கார்ந்திருக்கும். சில சமயம் கொரியர்களின் கிம்ச்சி, சில சமயம் ஜெர்மன்காரர்களின் சவர்க்ராட். இரண்டும் உப்பில் புளிக்கவைத்த கோஸ்தான். ஒருமுறை மூடியைத் திறந்தேன். வரவேற்பறையிலிருந்து மாமியார், “என்னம்மா, இட்லி மாவு பொங்கிடுச்சா?” என்றார். அன்றைக்கு மாவே அரைக்கவில்லை.

பிறகு படித்துப் பார்த்தால் அவர் மூக்கு சொன்னது சரிதான். லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு பாக்டீரியாதான் இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முக்கியமான ஆள். சவர்க்ராட்டையும் கிம்ச்சியையும் முதலில் புளிக்கவைப்பதும் அதே ஆள்தான். சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடும். மாவில் அந்த வாயு இட்லியைப் பஞ்சாக்குகிறது, ஜாடியில் மூடியைத் தூக்குகிறது. புளிப்பு ஏறியதும் அதற்கே தாங்காது. அமிலத்தைத் தாங்கும் லாக்டோபாசில்லஸ் வகையறா வந்து மிச்சத்தை முடிக்கும். உறை எதுவும் ஊற்ற வேண்டியதில்லை. உளுந்தோடு வருவதுபோல் இது கோஸின் இலையோடே வந்துவிடுகிறது.

சவர்க்ராட்டுக்குக் கோஸும் உப்பும் போதும். கேமரன்மலையிலிருந்து வரும் உருண்டைக் கோஸாகப் பார்த்து எடுக்க வேண்டும், கையில் வைத்தால் கனக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு. கண்ணளவில் சமைக்கிற நான் இதை மட்டும் தராசில் நிறுத்துப் போடுகிறேன். மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டு, கை வலிக்கப் பிசைந்தால் கோஸ் தன் தண்ணீரைத் தானே விடும். அந்தத் தண்ணீருக்குள்ளேயே அது முழுகிக் கிடக்க வேண்டும். மேலே எட்டிப் பார்க்கிற துணுக்கில்தான் பூஞ்சணம் பிடிக்கும். முழு இலை ஒன்றைப் போட்டு மூடி, அதன்மேல் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து அழுத்திவிடுவேன். வெள்ளையாகத் தட்டையாக ஆடை படிந்தால் வழித்துப் போடலாம். நிறத்தோடு, பஞ்சு பஞ்சாக முளைத்திருந்தால் ஜாடியோடு குப்பைக்குத்தான், யோசிக்கவே கூடாது.

ஐரோப்பியச் செய்முறைகளில் 18லிருந்து 22 டிகிரி வெப்பம், நாலு வாரம், ஆறு வாரம் என்றெல்லாம் இருக்கும். இங்கே மத்தியான வெயில் 32 டிகிரி. இந்தச் சூட்டில் முதல் பாக்டீரியா ஆற அமர வேலை செய்ய நேரமே கிடைக்காது. அடுத்தது அவசரமாக வந்து புளிப்பை ஏற்றிவிடும், வாசம் கூடாது, கோஸும் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் நான் சில நாள் மட்டும் வெளியே வைப்பேன். குமிழி வந்து, சுவைத்தால் நாக்கு லேசாகச் சுருங்கியதும் ஐஸ்பெட்டிக்குள் போய்விடும். மீதியை அங்கே மெதுவாகப் புளித்துக்கொள்ளட்டும். ஜெர்மனியில் ஜூனிப்பர் காயும் கேரவே விதையும் சேர்ப்பார்கள். கேரவே பார்க்கச் சீரகம் மாதிரி, வாசம் வேறு. நான் சீரகமே போடுகிறேன். எந்த ஜெர்மன்காரர் வந்து கேட்கப்போகிறார்?

சவர்க்ராட் என்றாலே எனக்கு ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் ஞாபகம் வரும். 1768இல் எண்டெவர் கப்பலில் புறப்பட்டவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்குப் பயந்து இதை ஏராளமாக ஏற்றிக்கொண்டு போனார். மாலுமிகளுக்குப் பிடிக்கவில்லை. அதட்டாமல், அதிகாரிகளின் மேசையில் தினமும் பரிமாறச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும்படி ஆனதாம். நானும் வீட்டில் அதையேதான் செய்தேன். யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை, என் தட்டில் மட்டும் வைத்துக்கொண்டேன். கணவரின் கை தானாக நீண்டது.

கிம்ச்சி வேறு ரகம். கொரியாவில் குளிர் வருமுன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி உட்கார்ந்து குவியல் குவியலாகக் கிம்ச்சி போடுவார்கள். கிம்ஜாங் என்ற அந்த வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஓங்கி என்ற மண் ஜாடியில் அடைத்து நிலத்தில் புதைத்து, குளிர்காலம் முழுக்க எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நமக்குக் குளிர்காலமும் இல்லை, அடுக்குமாடியில் புதைக்க மண்ணும் இல்லை. அதனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு கோஸ். வெள்ளைத் தண்டுள்ள நீளமான சீனக் கோஸ்தான் இதற்குச் சரி.

மிளகாயில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். கொரியர்களின் கொச்சுகாரு பெரும்பாலும் விதை நீக்கி, கொரகொரப்பாகப் பொடித்தது. காரம் குறைவு, நிறமும் இனிப்பும் அதிகம். அவர்கள் சொல்லும் அளவுக்கு நம் மிளகாய்த்தூளைப் போட்டால் வாய் வெந்துவிடும். லிட்டில் இந்தியாவில் காஷ்மீர் மிளகாய் வாங்கி, விதையை உதறிவிட்டுக் கொரகொரப்பாக அரைத்தால் ஓரளவு கிட்டே வரும். பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, கொஞ்சம் அரிசி மாவுக் கஞ்சி. அப்புறம் அவர்கள் உப்பில் ஊறிய பொடி இறால் சேர்ப்பார்கள். அதற்குப் பதில் நான் சிஞ்சாலோக் ஊற்றுகிறேன். கெராகாவ் என்ற பொடி இறாலை உப்போடும் சோற்றோடும் புளிக்கவைத்தது. இரண்டும் அக்கா தங்கைதான், சிஞ்சாலோக் கொஞ்சம் புளிப்புக்காரி.

புரட்டாசியில் சிஞ்சாலோக் பாட்டிலை மாமியார் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். அந்த மாதம் சோயா சாஸும் காய்ந்த காளான் ஊறிய தண்ணீரும். ரொம்பவும் ஒட்டுப்போட்ட வேலை என்று நினைக்க வேண்டாம். கொரிய பௌத்த மடங்களில் மீன், இறால் மட்டுமா, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காமல்தான் கிம்ச்சி போடுகிறார்கள். எங்களுக்குப் பூண்டு விலக்கில்லை, அதனால் பூண்டு தாராளம்.

எதோடு எதைச் சாப்பிடுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நெய் ஊற்றிய பருப்புச் சோற்றுக்குக் கிம்ச்சியை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ரசச் சோற்றுக்கு வேண்டாம், இரண்டு புளிப்பும் சண்டை போடும். தயிர்ச் சோற்றுக்குச் சவர்க்ராட், கூட ஒரு மோர் மிளகாய். நாசி கண்டார் பொட்டலத்தை வீட்டுக்கு வாங்கி வந்தால் பக்கத்தில் கிம்ச்சி வைத்துப் பாருங்கள், அந்தக் குழம்பின் எண்ணெய்த் திகட்டலை அப்படியே அறுத்துவிடும். சீன-மலாய்க் கலப்பு மரபில் வந்த ஞோஞாக்களின் ஊறுகாயான ஆச்சார் ஆவாக்கும் அந்த வேலையைச் செய்யும்தான். கோஸ், வெள்ளரி, அன்னாசி, மேலே கடலையும் எள்ளும், எனக்கு உயிர். ஆனால் அது வினிகர் புளிப்பு. பட்டென்று வந்து பட்டென்று போய்விடும். உப்பில் ஊறிய புளிப்பு நாக்கிலேயே கொஞ்ச நேரம் தங்கும்.

கிம்ச்சி பழசாகி ரொம்பப் புளித்தால் கொரியர்கள் சூப்பாகக் கொதிக்கவைப்பார்கள். நான் நேற்றுச் சோற்றோடு வறுத்து நாசி கோரேங் போட்டு, மேலே ஒரு பொரித்த முட்டை வைப்பேன். ஒட்டப் பிழிந்து மசால்வடை மாவில் கலந்தாலும் நன்றாக இருக்கும், எண்ணெய் மட்டும் கொஞ்சம் வெடிக்கும். சவர்க்ராட்டைப் பிழிந்து கடுகு, உளுத்தம்பருப்பு, கருவேப்பிலை தாளித்துத் தேங்காய்ப்பூ போட்டு ஒரு பிரட்டு. சூட்டில் நல்ல பாக்டீரியாவெல்லாம் செத்துப்போகுமே என்று அலுவலகத் தோழி ஒருத்தி அங்கலாய்த்தாள். சாகும்தான். நான் ருசிக்குச் சாப்பிடுகிறேன், வயிறு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

ஜாடி காலியானாலும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கிம்ச்சித் தண்ணீர் மேகி சூப்புக்குப் போகும். சவர்க்ராட் தண்ணீரை மாமியார் இப்போதெல்லாம் என்னைக் கேட்காமலேயே எடுத்து, புளிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சட்னியில் ஊற்றிக்கொள்கிறார். அன்றைக்குச் சட்னிக்கு உப்புப் போட வேண்டாம்.