கல்லுக்குள் ஈயம் போகாமல் இருக்க நான்கு மாதம் செய்து பார்த்தவை

வைகாசியில் நான்கு ஞாயிறு பருத்தித்துறையில் சக்கோட்டை முனைப் பக்கம் தூண்டில் போட்டேன். தூண்டிலை அடிக்கு இறக்கக் கட்டும் ஈயப் பாரம் 19 கல்லில் சிக்கிப் போய்விட்டது. ஈயம் தனியே போவதில்லை, முள், சுவிவல் என்ற சுழலும் வளையம், மூன்று நான்கு முழத் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) எல்லாம் சேர்ந்துதான் போகும். கரையில் நின்று இழுத்து இழுத்து, கடைசியில் 'டக்' என்று அறுந்து தங்கூசி காற்றில் பறந்து வரும்போது மனம் நோகும். காசுக்காக மட்டும் இல்லை. அந்தத் தங்கூசி கடலுக்குள் ஆண்டுக்கணக்காக உக்காமல் கிடந்து ஆமையையும் நண்டையும் சுற்றும் என்று தெரிந்துகொண்டே அறுத்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் ஆனி தொடக்கம் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன்: என்ன பாரம் போட்டேன், எத்தனை தரம் சிக்கியது, எது திரும்பி வந்தது.

இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் பழகிய கை என்னுடையது. அங்கே அடியில் சேறும் சாதாளையும், பாலத்துக்குக் கீழே நல்ல இழுவை. அந்த இடத்துக்கு நாலு பட்டையாகக் கூம்பின மாதிரி இருக்கும் ஈயம் அருமையானது, கூர் சேற்றில் இறங்கி நின்றுவிடும். அதையே பருத்தித்துறைக்குக் கொண்டுபோனதுதான் பிழை. வடகரை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். அலை அரித்து அரித்து வெடிப்பும் பொந்துமாக இருக்கும், அதற்கு வெளியே முருகைக்கல் பார் (கடலடிப் பாறைத்திட்டு). மண்ணைப் பிடிப்பதற்காகவே செய்த பட்டையும் மூலையும் அந்தப் பொந்துக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடுகின்றன. இழுக்க இழுக்க இன்னும் இறுகும். நான் முதலில் செய்தது 60 கிராமை விட்டு 80 கிராமுக்குப் போனது, பாரம் கூடினால் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும், உருண்டு பொந்துக்குள் போகாது என்று நினைத்து. அது இன்னும் மோசம். பாரம் கூடக் கூட ஆழமாகத்தான் விழுந்து இறுகியது.

ஆனியில் பழைய ஸ்பார்க் பிளக். தெரிந்த ஓட்டோ கராஜில் ஒரு ஷொப்பிங் பை நிறையத் தந்தார்கள். மண்ணெண்ணெயில் கழுவி, நுனியில் இருக்கும் வளைந்த கம்பியைத் தட்டி மூடி அதில் தங்கூசியைக் கட்டினேன். மூன்று நாளில் 11 போனது. இலவசம் என்பதால் மனம் கொஞ்சம் ஆறுதல், ஆனால் முள்ளும் தங்கூசியும் முன்னைப் போலவே போய்க்கொண்டிருந்தன. பாரத்தை மலிவாக்கினால் போதாது என்பது அப்போதுதான் விளங்கியது. அதோடு அந்த வெள்ளைப் பீங்கான் கல்லில் பட்டு உடைந்து பாதி பாரத்தோடு வரும். பிளக்கை விட்டுவிட்டேன்.

பிறகு கல். கரையில் கிடக்கும் கல்லை மெல்லிய நூலால் கட்டிப் போடுவது எங்கள் அப்பா காலத்திலேயே இருந்த வழிதான். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பார்க்காமல் கல்லைக் கட்டினால் ஏமாற்றம்தான். ஈயம் தண்ணீரை விட 11 மடங்குக்கும் கொஞ்சம் கூடின அடர்த்தி, இரும்பு எட்டு மடங்குக்குக் கிட்ட, இறுக்கமான சுண்ணாம்புக்கல் இரண்டரை மடங்கு சொச்சம். அதனால் 100 கிராம் ஈயம் கடலுக்குள் 91 கிராம் மாதிரி இழுக்கும், 100 கிராம் இரும்பு 87, 100 கிராம் கல் 60 அளவுதான். 60 கிராம் ஈயம் செய்யும் வேலையைக் கல் செய்யவேண்டுமென்றால் 90 கிராம் வேண்டும். எங்கள் கரைக்கல் பொந்தும் துளையுமானது, அதற்கு இன்னும் கூட வேண்டும். நான் 110 கிராம் வரை போனேன்.

இந்த முறை கட்டும் விதத்தையும் மாற்றினேன். முன்னர் ஈயம் தங்கூசியில் ஓடும், முள் அடியில் கிடக்கும். இப்போது பாரம் ஆகக் கீழே, அதற்கு ஒன்றரை அடி மேலே பக்கக் கிளையில் முள். பெரிய தங்கூசி 0.50 மில்லிமீற்றர், பாரத்தைக் கட்டும் துண்டு மட்டும் 0.25. அந்தத் துண்டின் நடுவில் வேண்டுமென்றே ஒரு சாதாரண முடிச்சும் போட்டேன், தங்கூசியில் அப்படி ஒரு முடிச்சு விழுந்தால் பலம் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். மூன்று நாளில் 14 தரம் சிக்கியது. 12 தரம் கல் மட்டும் போனது, முள், இரை, மிச்சம் எல்லாம் கைக்கு வந்தது. மற்ற இரண்டு தரமும் சிக்கியது பாரம் அல்ல, முள். அலை இழுத்து வந்து கல்லில் முள்ளைக் கொழுவிவிட்டது. வைகாசியில் போன 19இலும் எத்தனை முள் பிடித்தவை என்று இப்போது யோசிக்கிறேன். நான் எழுதி வைக்கவில்லை, ஈயத்தின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு எச்சரிக்கை. பலவீனமான துண்டில் பாரத்தைக் கட்டிவிட்டுத் தடியை முழுவீச்சில் சுழற்றினால் நடுவழியில் அறுந்து கல் எங்கேயும் போகும். எனக்கு ஒருமுறை பக்கவாட்டில் போனது, நல்லகாலம் அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. மெதுவாக, கீழிருந்து மேலாக எறிய வேண்டும். பண்ணையில் ஆட்கள் நடந்துபோகும் பாலத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

ஆடியில் செய்ததுதான் எனக்கு ஆகப் பிடித்தது. குருநகர்ப் பக்கம் ஒரு வலைக்கடையில் வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கும் சின்ன ஈயம் வாங்கினேன். சப்பாத்துக்குப் போடும் தட்டை லேஸ் உள்ளே பொள்ளலாக இருக்கும். ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு நுனியை நெருப்பில் உருக்கி மூடி, ஈயத்தை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, மற்ற நுனியில் சுவிவலை வைத்துக் கட்டினேன். கிடைப்பது வளைந்து கொடுக்கும் ஒரு பாரம், சின்னப் பாம்புக்குட்டி மாதிரி. ஈயங்களுக்கு இடையில் கொஞ்சம் தளர்வு இருக்க வேண்டும், இறுக்கி அடைத்தால் தடி மாதிரி விறைத்துவிடும், பிறகு பயன் இல்லை. இறுகுவதற்கு மூலை வேண்டும், இதற்கு மூலையே கிடையாது. பொந்துக்குள் போனாலும் போன வழியாலேயே நெளிந்து வெளியே வருகிறது. நான்கு நாளில் 9 தரம் மாட்டியது, 6 தரம் முழுதாக வந்தது, 2 தரம் லேஸ் மட்டும் போனது, ஒரு தரம் எல்லாம் போனது. அந்த மாதம் இரண்டு நல்ல விளைமீனும் ஒரு கலவாயும் கிடைத்தன. பாரம் லேசாக உருண்டு இரையை நகர்த்துவதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

குறை ஒன்று, ஈயம் ஈயம்தான். ஈயத்தை விழுங்கி அன்னங்கள் செத்ததால் இங்கிலாந்தில் 1987இல் 28 கிராம் வரையான தூண்டில் ஈயங்களை விற்பதையே தடுத்தார்கள். வீட்டில் ஈயம் உருக்குகிறவர்களுக்கும் சொல்கிறேன், 327 பாகையில் உருகும் சாமான் அது, அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தால் வெடித்து முகத்தில் தெறிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டு அடுப்பில் செய்யவே கூடாது, பழைய பற்றறி ஈயத்தைத் தொடவும் கூடாது.

அதனால் ஆவணியில் இரும்புக்கு வந்தேன். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சும் 10 மில்லிமீற்றர் கம்பி, 10 சென்ரிமீற்றர் வெட்டினால் 62 கிராம் வரும். தொலைந்தாலும் துருப்பிடித்து முடிந்துவிடும். ஆனால் நீட்டுக் கம்பி பொந்துக்குள் குறுக்கே விழுந்தால் அசையாது. அதற்கு வழி சொன்னது கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணை. நான் இழுத்துக்கொண்டு நின்றதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பாரிலை நங்கூரம் போடேக்கை நாங்கள் கயித்தை வளையத்திலை கட்டுறேல்லை. அடியிலை கட்டிப்போட்டு, வளையத்திலை மெல்லிய நூலாலை ஒரு முடிச்சுத்தான். இறுகினா நூல் அறும், நங்கூரம் பின்பக்கத்தாலை வரும்."

அன்றைக்கே வீட்டுக்கு வந்து கம்பியின் இரண்டு நுனியிலும் செம்புக் கம்பியால் வளையம் சுற்றினேன். தங்கூசி கீழ் வளையத்தில், அதைக் கம்பியோடு மேலே கொண்டுவந்து மேல் வளையத்தில் தையல் நூலால் இரண்டு சுற்று. பருத்தி நூல் நனைந்தால் பலம் குறையாது, கூடும், அதனால் இரண்டு சுற்றுக்கு மேல் போடக்கூடாது. மூன்று போட்ட ஒரு நாள் நூல் அறவில்லை, தங்கூசிதான் அறுந்தது. இரண்டு நாளில் 7 தரம் சிக்கியது, 5 தரம் நூல் அறுந்து கம்பி தலைகீழாக வெளியே வந்தது. ஒவ்வொரு தரமும் திரும்ப நூல் கட்ட வேண்டும், அது கொஞ்சம் மினக்கேடு. பத்து நூல் துண்டை முன்னமே வெட்டிச் சட்டைப் பையில் வைத்தால் சுகம்.

இதெல்லாம் செய்தும் சிக்கினால் உடனே பலத்தைக் காட்ட வேண்டாம். தங்கூசியைத் தளர்த்தி ஒரு நிமிடம் அலைக்கு விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி நடந்து வேறு பக்கத்தால் இழுத்தால் பாதிக்குப் பாதி வருகிறது. கடைசியில் அறுக்கத்தான் வேண்டுமென்றால் கையில் சுற்றி இழுக்காதீர்கள், எலும்பு தெரிய வெட்டும், ஒரு தடியில் சுற்றி இழுங்கள்.

முள் சிக்குவதற்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. கிளையை ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடிக்கு ஏற்றி, முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தக்கைத் துண்டும் கோர்த்து வைத்திருக்கிறேன், இரை அடியில் படாமல் மிதக்கும் என்று. வாடை தொடங்கினால் அந்தக் கரையில் நிற்கவே முடியாது, அதற்கு முன் ஐந்தாறு ஞாயிறு இருக்கிறது. லேஸ் பாரம் எட்டு, கம்பி பத்து, நூல் ஒரு கட்டை பையில் இருக்கிறது.